ஜெனரேட்டரைப் பார்த்துக் கிளவுடு எடுத்தோம்

போன மாதம் விஜிலா போன் செய்தாள். நாங்கள் ஒன்றாக வேலை பார்த்த கம்பெனியில் கிளவுடை மாற்றப் போகிறார்கள் என்றாள்.

"அண்ணா, புதுசா வந்த பிள்ளையளுக்கு ஒண்ணும் தெரியல்ல. ஸ்கிரீன்ல ரேட்டப் பாத்துட்டு இத எடுப்போம்னு சொல்லுகாவ. போன தடவ நாம எப்பிடி எடுத்தோம்னு நீங்க எழுதித் தாருங்க. நான் வாசிச்சுக் காட்டுகேன்."

"ஒனக்குத் தெரியாததா? நீ எழுது."

"நான் எழுதினா கம்ப்யூட்டர் பக்கம் மட்டுந்தான் வரும். நீங்க பாத்தது வேறல்லா?"

அது சரி. நான் பார்த்தது வேறு.

நான் எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

குலசேகரத்தில் ரப்பர் வாங்கி விற்கிற கம்பெனி எங்களுடையது. சுற்றிலும் உள்ள சின்னத் தோட்டக்காரர்கள் விடியலில் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, வடிகிற பாலைக் கேனில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சிலர் பாலை உறைய வைத்து, புகையில் உலர்த்தி, ஷீட்டாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். எடை, தரம், ஆள் பேர் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தாயாக ஒரு பெரிய மெஷின். சர்வர் என்பார்கள். அது இருந்த அறையும், அதற்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டரும் என் வேலை.

மார்த்தாண்டத்தில் ஒரு டீசல் பட்டறையில் வேலை பழகினேன். பிறகு வளைகுடாவில் சில வருஷம், மணலில் நின்ற ஜெனரேட்டர்களைப் பார்த்தேன். திரும்பி வந்து இங்கே சேர்ந்தேன். படிப்பு அவ்வளவுதான்.

காலையில் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவேன். ரப்பர் புகை உள்ளே போகக் கூடாது என்று கதவுக்கு இரட்டைப் பட்டை வைத்திருந்தேன். உள்ளே இரண்டு ஏசி. ஒன்று ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். முதலில் அதை மாற்றிப் போடுவேன். பிறகு பேட்டரி. ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பேன். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வாஸ்லின் தடவுவேன். அதன்பின் ஜெனரேட்டர். எண்ணெய்க் கம்பியை உருவி விரலில் தேய்த்துப் பார்ப்பேன். கையில் மணல்போல் உரசினால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். வாரத்தில் ஒரு நாள் மெயின் சுவிட்சை இறக்கி, முழு லோடில் ஓட்டுவேன். சும்மா ஓட்டிப் பார்த்தால் மெஷின் பொய் சொல்லும். பாரம் ஏற்றினால்தான் உண்மை சொல்லும்.

முதலாளி அதிகம் பேசமாட்டார். ஷீட்டுக் கட்டு வந்தால் மேல் ஷீட்டைத் தொடமாட்டார். மேலே எல்லோரும் நல்லதைத்தான் வைப்பார்கள். "நடுக்கெட்டுல இருந்து ஒண்ணு உருவு" என்பார். உருவியதை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பூஞ்சை, குமிழ், கரிப்புள்ளி எல்லாம் தெரியும். மோந்து பார்ப்பார். கீழே வைப்பார். தரம் சொல்வார். எதிர்த்துப் பேசியவர்களை நான் கண்டதில்லை.

அவரிடம் ஒரு பிளாஸ்க் உண்டு. பால் விடாத கட்டன்சாயா. சீனி பெயருக்குத்தான் இருக்கும். காலையில் என் அறைக்கு வெளியே வந்து நிற்பார். பிளாஸ்க்கின் மூடியில் ஊற்றி முதலில் என்னிடம் நீட்டுவார். நான் குடித்துக் கழுவித் தந்த பிறகு அவர் குடிப்பார்.

"எங்ஙன இருக்கு?"

"இருக்கு."

இருபது வருஷம் எங்கள் பேச்சு அதுதான். அந்த மூடி கம்பெனியில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

ஒரு வருஷம் பெரிய காற்று அடித்தது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் சாலையில் கிடந்தன. கரண்டு வர நெடுநாள் ஆனது. பக்கத்துப் பம்புகளில் டீசல் இல்லை. மலையாளக் கரைக்குப் போய்க் கேனில் கொண்டுவந்தேன். ஜெனரேட்டர் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டேன். சர்வர் நிற்கவில்லை. மரம் போன தோட்டக்காரர்கள் வந்து கேட்டபோது, அவர்கள் அதுவரை ஊற்றிய பாலின் கணக்கு அப்படியே நின்றது. முதலாளி அன்றைக்கு மூடியில் இரண்டு தடவை ஊற்றினார்.

என் பெண்டாட்டி லில்லி அப்போது சொன்னாள்: "நீரு அந்த மெஷினையே கெட்டியிருக்கலாம். நானும் வேற வீடு பாத்துப் போயிருப்பேன்."

அதன்பிறகுதான் விஜிலா வந்தாள். தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படித்தவள். வாய் ஓயாது. வந்த வாரமே என் அறைக்குள் நின்று சர்வரைச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணா, ரூமு ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீங்க. ஆனா நோயாளி தேறாது. இதுக்க பார்ட்ஸ் இப்ப எங்கயும் கிடைக்காது, கேட்டீங்களா?"

"ஓடுகு இல்லியா?"

"ஓடுகு. நிக்குத அன்னைக்கு என்ன செய்வீங்க?"

நான் பேட்டரி மூடியைத் திறக்கப் போனேன். அவள் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அடுத்த இடி மழையில் சர்வரின் ஒரு பலகை கருகியது. அதற்கு மாற்றுக் கிடைக்க அவள் சொன்ன மாதிரியே அலைய வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து முதலாளி அறைக்கு வெளியே நின்று மூடியை நீட்டினார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ராஜமணி, நீ ஓய்வு வாங்கிப் போனா இந்த ரூம யாருடே பாப்பா?"

அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் லில்லியிடம்கூடச் சொன்னேன். மறுநாள்தான் தெரிந்தது. கிளவுடு எடுக்க முதலாளி சொன்ன காரணமே அதுதான். ஒரே ஆளை நம்பி நிற்கிற அறை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். நான் நன்றாகப் பார்த்ததுதான் அறைக்கு வினையாக வந்தது.

கிளவுடு என்றால் நம் மெஷினை விட்டுவிட்டு, வேறொருவன் பெரிய கட்டடத்தில் வைத்திருக்கிற மெஷினில் இடம் வாடகைக்கு எடுப்பது. நம் விவரம் அங்கே இருக்கும். இன்டர்நெட் லைன் வழியாக இங்கே வரும். கரண்டு, ஏசி, காவல் எல்லாம் அவன் பாடு. அப்படி வாடகைக்கு விடுகிறவர்களில் யாரை எடுப்பது என்பதுதான் கேள்வி. மூன்று பேரை வரச் சொன்னார்கள்.

முதலில் வந்தவன் பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தான். ஷீட்டு நாற்றம் புதியவர்களுக்கு அப்படித்தான். சுவரில் படம் காட்டினான். மேகம் வரைந்திருந்தது. அதிலிருந்து அம்புக்குறிகள் கீழே வந்தன. அவன் காட்டி முடித்ததும் விஜிலா கேட்க ஆரம்பித்தாள். நம் விவரம் எந்த ஊரில் இருக்கும்? அந்த ஊரில் வெள்ளம் வந்தால் வேறு ஊரில் பிரதி உண்டா? நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எடுக்கிறவன் தமிழ் பேசுவானா? நாளைக்கு எங்களுக்கு ஒத்துவராமல் போனால் எங்கள் விவரத்தை எப்படித் திருப்பித் தருவாய்? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கடைசிக் கேள்விக்கு மட்டும் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் சொன்னான்.

முதலாளி ஒன்றுதான் கேட்டார்.

"நான் வந்து பாக்கலாமா?"

"அது முடியாது சார். யாரையும் உள்ள விடமாட்டாங்க. பெரிய பெரிய பேங்க் எல்லாம் பாக்காமத்தான் சார் எடுத்திருக்காங்க. சர்டிபிகேட் இருக்கு."

"சர்டிபிகேட்டு மேல் ஷீட்டு" என்றார் முதலாளி.

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. விஜிலாவுக்கும் புரிந்தது. அவள் சிரித்தாள். முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். அதுவரைக்கும் அவர் பேச்சு புரிந்து சிரிக்கிற ஆள் கம்பெனியில் நான் ஒருவன்தான்.

இரண்டாவது ஆள் திருவனந்தபுரத்திலிருந்து வந்தான். முதல் கொஞ்ச மாதம் சும்மா தருகிறேன் என்றான். முதலாளி அவன் போகும்வரை காத்திருந்தார்.

"சும்மா தாறவனுக்க பாலுல வெள்ளம் இருக்கும். மீட்டர இட்டுப் பாக்கணும்."

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி மீட்டரைப் பாலில் மிதக்க விடுவோம். அதைச் சொன்னார். கிளவுடில் எங்கே மீட்டரை மிதக்க விடுவது என்று நான் நினைத்தேன். விஜிலா "நான் இடுகேன் சார்" என்றாள்.

பழைய விவரத்தில் ஒரு பங்கை எடுத்து அவனுடைய கிளவுடில் ஏற்றினாள். ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் ஏறிவிட்டது. பிறகு அதையே திருப்பிக் கேட்டாள். மறுநாள் சாயங்காலம் வரை முழுசாக வந்து சேரவில்லை. ஏதோ விண்ணப்பத் தாளை நிரப்பு, யாரோ அனுமதி தர வேண்டும், கூடுதல் கட்டணம் என்று இழுத்தான்.

"சார், இவன் கெணத்துல எறங்க ஏணி வச்சிருக்கான். ஏற ஏணி இல்ல" என்றாள்.

முதலாளி தலையாட்டினார். "பிள்ளைக்கு மீட்டர் இடத் தெரியும்."

என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மூடி தருவார். வார்த்தை தரமாட்டார். அவளுக்கு வார்த்தை கிடைத்தது.

மூன்றாவது சென்னைக் கம்பெனி. அவன் படம் காட்டவில்லை. "வந்து பாருங்க சார். எப்ப வேணாலும் வாங்க" என்றான். விஜிலாவின் மீட்டரிலும் தேறினான். ஏற்றியது ஏறிய வேகத்தில் திரும்பி வந்தது.

அவன் போனதும் முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்க்கலாம் என்றார். விஜிலாவுக்கு இஷ்டமில்லை.

"சார், அவனுக்க ஜெனரேட்டரப் பத்தி நாம கவலப்படாண்டாம். அது எல்லாவனும் நல்லாத்தான் வச்சிருப்பான். நம்ம பக்கத்துல லைனாக்கும் சிக்கல். குலசேகரத்துக்கு வாறது ஒரே ஒரு கேபிளு. ரோட்டுக்குக் கீழ போவுகு. அது அறுந்தா சென்னைல எத்தன ஜெனரேட்டர் ஓடினாலும் நமக்கு இல்ல."

"பிள்ளே, லைன் நம்ம வாசல்ல கெடக்கு. அத என்னைக்கும் பாக்கலாம். காணாத எடத்த முதல்ல காணணும்."

"காத்தடிச்ச வருசம் லைன் போயி என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல்ல" என்றேன் நான்.

"அப்ப சர்வரு இஞ்ச இருந்துது அண்ணா. லைன் வேண்டி வரல்ல. இனி வேணும்."

நான் சிரித்தேன். முதலாளியும் என் பக்கம்தான் நின்றார். எங்கள் ஜில்லாவில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. காற்றில் கரண்டு போய்ப் பட்டவர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதானாலும், கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதானாலும், முதலில் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்போம். டாக்டர் யார் என்பது பிறகு. கிளவுடையும் அப்படியே கேட்டோம்.

முதலாளி என்னிடம் திரும்பினார். "கரண்டு ஒனக்க பொறுப்பு. பாத்துட்டு நீ கொள்ளாம்னு சொன்னா எடுப்போம்."

கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் கொள்ளாம் என்றால் என் அறை போகும். கொள்ளாது என்றால் நிற்கும். அது முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் விட்டார்.

நாகர்கோவிலில் மூவரும் ரயில் ஏறினோம். வண்டி புறப்பட்டதும் முதலாளி பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். நான் கையை வேட்டியில் துடைத்தேன். அவர் விஜிலாவிடம் நீட்டினார். அவளுக்கு அந்த மூடியின் விவரம் தெரியாது. வாங்கி ஒரு மடக்கு குடித்தாள்.

"சீனி கொறவு சார்."

"அப்பிடியா?" என்றார் முதலாளி.

எனக்குப் பேப்பர் கப்பில் தந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபது வருஷம் அந்தச் சாயாவைக் குடித்திருக்கிறேன். சீனி போதாது என்று எனக்கும் தோன்றியதுண்டு. சொன்னதில்லை.

சென்னையில் அந்தக் கட்டடத்துக்குள் போவது எளிதாக இல்லை. அடையாள அட்டையைக் காட்டி, போனைக் கொடுத்து, காலுக்கு உறை மாட்டிக்கொண்டோம். ஒரு கதவு சாத்திய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். உள்ளே கண்ணாடிக்கு அப்பால் வரிசை வரிசையாக மெஷின்கள். விஜிலா கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். முதலாளி அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அங்கே வேலை இல்லை. ஜெனரேட்டர் எங்கே என்றேன்.

பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு ஆள் இருந்தான். முருகேசன் என்று பேர். என்னைவிட இளையவன். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. டீசல்காரன் சட்டையில் மடிப்பு பார்த்தது அன்றைக்குத்தான்.

"வாங்க சார்" என்றான். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

வரிசையாக ஜெனரேட்டர்கள் நின்றன. ஒவ்வொன்றும் லாரி அளவு. தரையில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முதலில் நின்ற மெஷினிடம் என்னைக் கூப்பிட்டான். நான் அதைப் பார்க்கவில்லை.

"நடுவுல நிக்குதத காட்டும்."

அவன் முகம் மாறவில்லை. "எது வேணாலும் பாருங்க சார்" என்றான்.

எண்ணெய்க் கம்பியை உருவினேன். விரலில் தேய்த்தேன். வழுவழுப்பு. மோந்து பார்த்தேன். டீசல் கலந்த வாடை இல்லை. பேட்டரி முனையில் பொடி இல்லை. ரேடியேட்டரின் பின்புறம் கையை விட்டேன். யாரும் கைவிட்டுப் பார்க்காத இடம் அது. அங்கேயும் தூசி இல்லை. பெல்ட்டுக்குப் பின்னால் என் பாக்கெட்டில் இருந்த வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடித்துத் திரும்பப் பாக்கெட்டில் வைத்தேன்.

"லோடுல எப்ப போட்டது?"

"வாராவாரம் போடுவோம் சார். இன்னிக்குதான் அந்த நாள். இருந்து பாத்துட்டே போங்களேன்."

மேலே கேட்டுவிட்டு மெயினை இறக்கினான். நான் காதைக் கொடுத்து நின்றேன். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் மெஷின் பிடித்துக்கொண்டது. என்னுடையதற்கு மூன்று மூச்சு வேண்டும். சத்தத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. விளக்கு கண்ணிமைக்கவில்லை.

குற்றம் தேடித்தான் போனேன். எனக்கு ஒன்று கிடைத்திருந்தால் போதும்.

கடைசியில் கேட்டேன். "எங்க கம்பெனி வெவரம் இஞ்ச வந்தா எந்த மெஷின்ல நிக்கும்?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். எத்தனையோ கம்பெனி இருக்கு. யாரு எங்க இருக்காங்கன்னு சொல்ல மாட்டாங்க."

"பேருகூடத் தெரியாதா?"

"பேரு எதுக்கு சார்? கரண்டு நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் என் ஜெனரேட்டரைப் போடும்போது, காலையில் யார் யார் பால் ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்து போட்டவன். யாருக்கு மரம் போனது, யாருடைய மகளுக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது, யார் கணக்கைக் கேட்டு வாசலில் நிற்கிறார் என்று தெரியும். இவனுக்கு ஒரு பேரும் தெரியாது. என்னைவிட நன்றாக வேலை செய்கிறான்.

எங்கள் ஊரில் பொறாமைக்குக் குசும்பு என்று பேர். அவன் மேல் எனக்குக் குசும்பு வந்தது. சட்டை மடிப்பைக் கண்டபோதே தொடங்கியது. துணி வெள்ளையாக வந்தபோது முற்றியது.

வாசலில் முதலாளி நின்றார். விஜிலா சற்றுத் தள்ளி நின்றாள்.

"கொள்ளாமாடே?"

பாக்கெட்டில் துணி கைக்குத் தட்டுப்பட்டது.

"கொள்ளாம்."

"நம்மளவிடவா?"

"நம்மளவிட."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். "செரி" என்றார். கிளவுடு எடுத்தாகிவிட்டது.

வீட்டில் லில்லி கேட்டாள். "என்ன சொன்னீரு?"

"கொள்ளாம்னு சொன்னேன்."

"உள்ளதத்தானே சொன்னீரு? பின்ன எதுக்கு மொகம் இப்பிடி இருக்கு?"

"அவனுக்க தரைல ஒரு சொட்டு எண்ண இல்ல, கேட்டியா."

"சவத்த விடும். சோத்தத் தின்னும்."

விவரம் எல்லாம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் சர்வரை நிறுத்தச் சொன்னார்கள். நான்தான் நிறுத்தினேன். முதலில் மெஷின், பிறகு பேட்டரி, கடைசியில் ஏசி. அந்த அறையில் சத்தமே இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. பேட்டரியை எடுத்துக்கொண்டு போனார்கள். அறையில் ஷீட்டுக் கட்டு அடுக்கினார்கள். ஜெனரேட்டர் மட்டும் ஆபீசுக்கென்று நின்றது. நானும் நின்றேன்.

முதலாளி காலையில் அறைப்பக்கம் வருவதை விட்டார். வருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. விஜிலாவின் மேஜைப் பக்கம் நின்று "எங்ஙன இருக்கு?" என்று கேட்பது எனக்கு வெளியே கேட்கும். அவள் "இருக்கு" என்று சொல்லி நிறுத்தமாட்டாள். நிறையச் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டு நிற்பார்.

அந்த நாட்களில் ஒருநாள் ஷீட்டு உலர்த்துகிற புகைக்கூரை மேல் அவள் ஆளை வைத்து ஒரு கம்பியை நட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளே, கேபிள் டிவி பாக்கப் போறியா?"

"ஆமாண்ணா. சீரியல் பாக்கணும்" என்றாள்.

அங்கே நின்ற சுமைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் மரம் விழுந்து கரண்டு போனது. அதே காலையில் சாலையில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி எங்கள் கேபிளை அறுத்தது. பால் வருகிற நேரம். மழைக்கு முன்னால் வெட்டிய பாலோடு தோட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஜெனரேட்டரைப் போட்டேன். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அதோடு இணைந்த தராசும் நின்றது. சென்னையில் எங்கள் விவரம் பத்திரமாக இருந்தது. முருகேசன் ஒரு மூச்சில் கரண்டு கொடுத்திருப்பான். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஜேசிபி.

வரிசையில் சத்தம் கூடியது. "பாலு உறைஞ்சு போவும் ஓய்! யாருக்க தலைல ஊத்த?" என்று ஒருவர் கேட்டார். "கிளவுடுலே ஊத்தும்" என்றார் பின்னால் நின்றவர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ராஜமணி, பழைய மெஷினு?"

"ஆக்கருக்குப் போட்டாச்சு. பழைய இரும்பு வெலைக்குப் போச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத வேறு வார்த்தை இல்லை. அவர் முகத்தில் என் அறை போன விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

விஜிலா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். சோற்றுப் பாத்திரம் அளவுதான் இருக்கும். போனில் போடுகிற சிம்மை அதில் போட்டிருந்தாள். புகைக்கூரை மேல் நட்ட கம்பியிலிருந்து ஒரு வயர் இறங்கி வந்திருந்தது. அதைச் சொருகினாள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது. திரையில் வட்டம் மறைந்தது. தோட்டக்காரர் பேர்கள் வந்தன.

தராசு வேலை செய்ய ஆரம்பித்தது. அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணா, ஜெனரேட்டர் நிக்கவே கூடாது. நின்னா இதும் போவும்!"

நான் பின்பக்கம் போய் நின்றேன். சர்வரையும் இரண்டு ஏசியையும் தூக்கி நிறுத்திய மெஷின் அது. அன்றைக்கு அதன் மேல் நாலு கம்ப்யூட்டர், ஒரு தராசு, அந்தப் பெட்டி. பாரம் இல்லாமல் ஓடுவது டீசல் எஞ்சினுக்குக் கேடு. புகைக்குழாயில் கரி பிடிக்கும். கரும்புகை விட்டுக்கொண்டு ஓடியது. பால் முழுவதும் ஊற்றி முடியும்வரை ஓட்டினேன்.

மழை விட்டதும் முதலாளி பிளாஸ்க்கோடு வந்தார். நானும் விஜிலாவும் ஜெனரேட்டர் பக்கம் நின்றோம். மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார். அதற்குள் ஆபீசில் யாரோ அவளுக்கு மூடியின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கையைப் பின்னால் கெட்டிக்கொண்டாள்.

"அண்ணனுக்குக் குடுங்க சார். கரண்டு குடுத்தது அவராக்கும்."

முதலாளி என்னிடம் நீட்டினார். அவராகத் தந்து வாங்குவது வேறு, அவள் சொல்லி வாங்குவது வேறு. ஆனாலும் வாங்கினேன். குடித்தேன். சீனி கூடியிருந்தது.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன்.

புதிதாக எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு விஜிலா வாசித்துக் காட்டட்டும். முதலில் உங்கள் வாசலில் வருகிற லைனைப் பாருங்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று வேண்டும். அதன் பிறகு, போட்ட விவரத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். ரேட்டும் சர்டிபிகேட்டும் மேல் ஷீட்டு. ஜெனரேட்டரைக் கடைசியில் பார்த்தால் போதும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கு விஜிலா போனை வைக்கப் போகும்போது கேட்டேன்.

"சென்னைக் கம்பெனிக்குச் சொல்லியாச்சா?"

"ஒரு மெயில் போட்டா போதும் அண்ணா."

"அந்த ஜெனரேட்டர்காரனுக்கு யாரு சொல்லுவா?"

சிரித்தாள். "அவருக்கு எதுக்கு அண்ணா? நம்ம வெவரம் அங்க வந்ததே அவருக்குத் தெரியாது. போறதும் தெரியாது."

சரிதான். எங்கள் விவரம் அங்கிருந்து கிளம்புகிற அன்றைக்கும் அவன் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருப்பான். துணி வெள்ளையாக வரும். சாயங்காலம் மடிப்புக் கலையாத சட்டையோடு வீட்டுக்குப் போவான். நன்றாகச் சாப்பிடுவான்.

எனக்கு இப்போதும் அவன் மேல் குசும்புதான்.